பாய்க்கப்பலில் வளர்ந்த பிள்ளைகள்

கடல்வழிச் செலவிலே பெண்ணை உடன்கொண்டு போகும் வழக்கம் இல்லை என்பது தொல்காப்பியம் கூறும் மரபுகளுள் ஒன்றென உரைகாரர் பொருள் கொள்வர். பொருள் தேடி மரக்கலம் ஏறும் தலைவன் தனித்தே செல்வான். தலைவி கரையிலே காத்திருப்பாள். இது தமிழருக்கு மாத்திரம் உரிய நோக்கன்று. கடலோடிய இனங்கள் பலவற்றிலும் கப்பல் ஆடவரின் இடமாகவும், வீடு பெண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் உரிய இடமாகவும் பிரிந்தே இருந்தன. கப்பலிற் பெண் ஏறினால் தீங்கு விளையும் என்ற அச்சம் மேனாட்டு மாலுமிகளிடத்தும் நெடுங்காலம் நிலவியது.

ஆயினும், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலும், அதனை அடுத்துள்ள நோவா ஸ்கோஷியாவிலும் இவ்வழக்கம் தளர்ந்தது. வணிகப் பாய்க்கப்பல்களின் கப்டன்மார் பலர் தம் மனைவியரையும் சிறு பிள்ளைகளையும் உடன்கொண்டு கடலோடத் தலைப்பட்டனர். கப்பலிலே பிறந்து, கப்பலிலே தவழ்ந்து, கப்பலிலே எழுத்தறிந்த பிள்ளைகள் பலர் தோன்றினர். பெருங்கடலைத் தனித்துக் கடந்த வீரனின் பெயரை உலகம் அறியும். அவ்வீரனின் கப்பல் ஒருகாலத்திலே மழலையொலி நிறைந்த வீடாக இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

இம்மாற்றத்துக்கு முதற் காரணம் தொழிலின் இயல்பேயாகும். அக்காலத்து வணிகக் கப்பல்கள் பல குறித்த வழியிலே போய்வருவன அல்ல. ஒரு துறையிலே சரக்கை இறக்கியதும் அங்கே கிடைத்த வேறு சரக்கை ஏற்றி, அது போகவேண்டிய இடத்துக்குப் புறப்படும். நியூயோர்க்கிலிருந்து கோதுமையோ எண்ணெயோ ஏற்றிப் புறப்பட்ட கப்பல் மணிலாவிலோ ஹொங்கொங்கிலோ சிட்னியிலோ சுற்றித் திரிந்து, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் கழித்தே சொந்தத் துறைக்கு மீளும். கப்டன் பெரும்பாலும் கப்பலிலே பங்குடையவராகவும் இருப்பார். கரையிலே ஒரு வீட்டுக்கு வாடகை கொடுத்து, மனைவியை ஆண்டுக்கணக்கிலே பிரிந்து, பிறந்த பிள்ளை நடக்கப் பழகிய பின்பே அதன் முகத்தைக் காண்பதிலும், குடும்பத்தைக் கப்பலிலே வைத்திருப்பது மேல் எனப் பலர் கருதினர். மாலுமிகள் இதனை விரும்பினர் என்று சொல்வதற்கில்லை. கப்டனின் மனைவி வாழ்ந்த கப்பலைப் ‘பெட்டைக்கோழிக் கப்பல்’ என்று அவர்கள் கேலி பேசினர்.

அவ்வீட்டின் அளவு சிறிது. கப்பலின் பின்புறத்திலே, சுக்கானுக்கு அண்மையிலே அமைந்த இரண்டு மூன்று அறைகளே குடும்பத்தின் உலகம். மேசையும் நாற்காலியும் அலையிற் சாயாதபடி தரையோடு பிணைக்கப்பட்டிருக்கும். நன்னீர் அளந்தே வழங்கப்படும்; ஆகையால் மழை பெய்யும் நாளே துணி தோய்க்கும் நாள். கப்பலிலே வளர்க்கும் ஆடும் கோழியும் பாலும் முட்டையும் தரும். வழிநடுவே அவை இறந்தால் பிள்ளைக்குப் பாலும் இல்லை. நடக்கப் பழகும் குழந்தையின் இடுப்பிலே கயிறு கட்டித் தளத்திலே விடுவர். நோய் வந்தால் வைத்தியர் இல்லை. இலக்கமிட்ட மருந்துப் புட்டிகள் அடங்கிய பெட்டியொன்றும், எந்நோய்க்கு எவ்விலக்கம் என்று கூறும் சிறு நூலொன்றுமே துணை. பிள்ளைப்பேறு நேர்ந்தால் மருத்துவிச்சியின் வேலையையும் கணவனே செய்ய வேண்டியிருந்ததுண்டு. பிள்ளைகளுக்குத் தாயே ஆசிரியை. தேசப்படம் அவர்களுக்குச் சுவரிலே தொங்கும் பாடமன்று, சாளரத்துக்கு வெளியே நாள்தோறும் காண்பது. ஆயின் அவர்களோடு விளையாட அயல்வீட்டுப் பிள்ளை எவரும் இலர்.

இவ்வாழ்வின் நன்மையையும் ஆபத்தையும் ஒருங்கே காட்டும் குடும்பங்கள் மூன்றின் வரலாறு இங்கே நோக்கத்தக்கது. அம்மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தன.

முதலாவது, கப்டன் பெஞ்சமின் பிரிக்ஸ் என்பவரின் குடும்பம். அவர் மாசசூசெற்ஸ் மாநிலத்திலே கடலோடிகளின் குலத்திலே பிறந்தவர். 1872ஆம் ஆண்டிலே ‘மேரி செலஸ்ட்’ என்னும் கப்பலுக்கு அவர் கப்டனானார். நியூயோர்க்கிலிருந்து இத்தாலியின் ஜெனோவாத் துறைக்கு 1,701 பீப்பாய் மதுசாரம் கொண்டுசெல்வது அவருக்கு வாய்த்த பணி. அவருக்குப் பிள்ளைகள் இருவர். ஏழு வயதான மகன் ஆதர். இரண்டு வயதான மகள் சோபியா. இருவரையும் கப்பலிலே கொண்டுசெல்வதா என்ற வினா எழுந்தது. மகனுக்குப் பள்ளிப் பருவம்; ஆகையால் அவன் பாட்டியின் வீட்டிலே விடப்பட்டான். மகளுக்குத் தாயின் மடியே பள்ளி. ஆகையால் அவள் தாய் சாராவுடன் கப்பலேறினாள். தாய் தன் தையல் இயந்திரத்தையும், ஆர்மோனியம் போன்றதோர் இசைக்கருவியையும் உடன்கொண்டு சென்றார். 

1872 நவம்பர் 7ஆம் திகதி கப்பல் புறப்பட்டது. கப்டனும் மனைவியும் மகளும் மாலுமியர் எழுவருமாகப் பதின்மர் அதிலே இருந்தனர். டிசம்பர் 4ஆம் திகதி, அசோரஸ் தீவுகளுக்கும் போர்த்துக்கலுக்கும் இடைப்பட்ட கடலிலே, பாய்கள் சில விரிந்தபடி ஆளின்றி அலைந்துகொண்டிருந்த அக்கப்பலை ‘டேய் கிராஷியா’ என்னும் வேறொரு கப்பலின் மாலுமியர் கண்டனர். கப்பலோ மிதக்கும் நிலையிலே இருந்தது. உணவும் நீரும் இருந்தன. கப்பலின் படகு காணப்படவில்லை. பின்னர் ஜிப்ரால்டரிலே நடந்த விசாரணையிலே சாட்சி கூறிய மாலுமி, கப்டனின் படுக்கையிலே குழந்தையொன்று படுத்திருந்த சுவடு தெரிந்தது என்றார். அப்பதின்மரும் எவ்வாறு மறைந்தனர் என்பது இன்றுவரை துலங்காத மர்மம். மதுசாரத்தின் ஆவியால் வெடிப்பு நேரும் என்று அஞ்சிக் கப்டன் எல்லோரையும் படகிலேற்றினார் என்பது பலர் கொண்ட ஊகம்.

அந்நிகழ்ச்சியைப் பற்றிக் கதைகளும் கற்பனைகளும் பல எழுந்தன. கடற்பூதமும் கொள்ளைக்காரரும் அவற்றிலே இடம்பெற்றனர். ஆனால் குடும்பத்தின் கண்கொண்டு நோக்கினால் அங்கே மர்மமொன்றும் இல்லை. ஒரு தீர்மானமே தெரிகின்றது. பள்ளிக்கூடம் என்ற ஒரே காரணத்தால் ஒரு பிள்ளை உயிர்தப்பியது. பள்ளிக்கு வயது வராத காரணத்தால் மற்றப் பிள்ளை மறைந்தது. கப்பலிலே பிள்ளை வளர்த்த பெற்றோர் ஒவ்வொரு பயணத்தின் முன்னும் செய்யவேண்டியிருந்த தீர்மானம் இத்தகையதே.

இரண்டாவது குடும்பம் பெருஞ் செல்வருடையது. இரயில் பாதைகள் அமைத்துப் பெரும்பொருள் ஈட்டிய ஆங்கிலேய ஒப்பந்தக்காரர் ஒருவரின் மகனான தோமஸ் பிராசி, பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர், கடலிலே பெருவிருப்புடையவர். அவருக்காக 1874இலே கட்டப்பட்ட ‘சன்பீம்’ என்னும் கப்பல், மூன்று பாய்மரங்களும் துணைக்கு ஒரு நீராவி இயந்திரமும் கொண்டது. 1876 ஜூலையிலே அவரும் மனைவி அன்னாவும் பிள்ளைகள் நால்வரும் அதிலே உலகைச் சுற்றப் புறப்பட்டனர். மூத்தவன் பதின்மூன்று வயதுச் சிறுவன். இளையது பால்மணம் மாறாத பெண்குழந்தை. நண்பரும் மாலுமியரும் பணியாளருமாக நாற்பதுக்கு மேற்பட்டோர் அக்கப்பலிலே இருந்தனர்.

பிரிக்ஸ் குடும்பத்துக்கு இல்லாத வசதியெல்லாம் இவர்களுக்கு இருந்தது. ஆயினும் அலைக்குச் செல்வர், வறியர் என்ற பேதம் இல்லை. இங்கிலாந்தை விட்ட சில நாட்களிலே, பிஸ்கே விரிகுடாவை அண்டி, பேரலையொன்று தளத்தின்மேல் ஏறி அங்கே அமர்ந்திருந்தோரை அடித்துச் செல்லப் பார்த்தது. மூத்த பிள்ளைகள் இருவரும் மயிரிழையிலே தப்பினர். அவ்வாண்டு செப்டம்பரிலே தென் அத்திலாந்திக்கிலே, நிலக்கரி ஏற்றிச் சென்று தீப்பற்றி எரிந்துகொண்டிருந்த ‘மொங்ஸ்ஹேவன்’ என்னும் கப்பலைக் கண்டு, அதன் மாலுமியர் பதினைவரையும் சன்பீம் ஏற்றிக் காத்தது. கடலிலே கப்பல் எரிவதென்றால் என்ன என்பதை அப்பிள்ளைகள் நூலிலே படித்தறியவில்லை. தம் கண்ணாலே கண்டனர்.

மகெல்லன் நீரிணை, தாகித்தி, ஹவாய், யப்பான், சீனா, சிங்கப்பூர் என்று சென்ற சன்பீம், 1877ஆம் ஆண்டின் முற்பகுதியிலே இலங்கைக்கும் வந்தது. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அப்போது முற்றுப்பெறவில்லை; காலியே பெருங் கப்பல்கள் தங்கும் துறையாக விளங்கிய காலம் அது. இத்தீவைக் கண்ட பின்னர் ஏடன், சுயெஸ் வழியாக அக்குடும்பம் 1877 மே மாதத்திலே தாயகம் அடைந்தது. 35,000 மைலுக்கு மேற்பட்ட அப்பயணத்தை அன்னா பிராசி நூலாக எழுதினார். 1878இலே வெளிவந்த அந்நூல் பல பதிப்புக் கண்டு, பல மொழிகளிலே பெயர்க்கப்பட்டது. கப்பலிலே குடும்பத்தோடு வாழலாம், அது இன்பமும் தரும் என்ற எண்ணத்தைக் கரையிலே வாழ்ந்த ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுசென்றது அந்நூலே.

எனினும் அன்னாவின் வாழ்வு முழுவதும் இன்பமானது அன்று. அப்பயணத்துக்கு முன்னரே, 1873இலே, ஒரு சிறு மகளைச் செங்காய்ச்சலுக்கு அவர் பறிகொடுத்திருந்தார். அம்மரணம் கடலிலே நேர்ந்ததன்று. 1887இலே அவுஸ்திரேலியாவிலிருந்து திரும்பும் வழியிலே அன்னாவே காய்ச்சலால் இறந்தார். அவர் உடல் செப்டம்பர் 14ஆம் திகதி இந்து சமுத்திரத்திலே அடக்கம் செய்யப்பட்டது. அவரை வீடாகக் கொண்ட கப்பல் அவரின்றிக் கரை சேர்ந்தது.

மூன்றாவது குடும்பம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. அது செல்வக் குடும்பமன்று, மர்மத்திலே மறைந்ததுமன்று. கப்பலே அதன் தொழில், கப்பலே அதன் வீடு, கப்பலே அதன் முதல். அதன் தலைவர் ஜோஷுவா ஸ்லோகம். உலகை முதன்முதலிலே தன்னந்தனியாகப் பாய்க்கப்பலிற் சுற்றிவந்தவர் என்று பாடநூல்கள் கூறும் அதே ஸ்லோகம் இவர்.

ஸ்லோகம் 1844இலே நோவா ஸ்கோஷியாவிலே பிறந்தார்; மேரி செலஸ்ட் கட்டப்பட்ட கரையும் அதே நாட்டினதே. தந்தை சப்பாத்துத் தைப்பவர். பதினாறு வயதிலே தாயை இழந்த சிறுவன் கடலுக்குப் போனான். படிப்படியாக உயர்ந்து, ‘வொஷிங்டன்’ என்னும் கப்பலின் கப்டனாகச் சிட்னி சென்றபோது வேர்ஜினியா வோக்கர் என்னும் அமெரிக்கப் பெண்ணைக் கண்டார். 1871 ஜனவரி 31ஆம் திகதி திருமணம் நடந்தது. மணமகள் நேரே கப்பலுக்குக் குடிபுகுந்தார். அக்கப்பல் சல்மன் மீன் பிடிக்க அலாஸ்காவுக்குச் சென்று, புயலிலே நங்கூரம் இழுபட்டுக் கரைதட்டி உடைந்தது. உடைந்த இடத்திலேயே ஒரு படகு கட்டி, ஆட்களையும் பிடித்த மீனையும் காப்பாற்றினார் ஸ்லோகம். புதுமணப் பெண்ணுக்குக் கடல்வாழ்வு தந்த முதற் பாடம் இது. வேர்ஜினியா அஞ்சிக் கரைக்குத் திரும்பிவிடவில்லை. அடுத்த பதின்மூன்று ஆண்டுகளும் அவர் கணவரோடு கப்பலிலேயே வாழ்ந்தார்.

அவருக்குப் பிறந்த பிள்ளைகள் எழுவர். எழுவரும் கடலிலோ துறைகளிலோ பிறந்தவர்கள். மூத்தவன் விக்டர் 1872இலே சான் பிரான்சிஸ்கோவிலே பிறந்தான். இரண்டாமவனுக்கு அவன் பிறந்த கப்பலின் பெயரே பெயராயிற்று: பெஞ்சமின் எய்மார். மகள் ஜெசி பிலிப்பைன் தீவுகளிலே பிறந்தாள். கடைசி மகன் கார்பீல்ட் 1881இலே ஹொங்கொங் துறைமுகத்திலே பிறந்தான். எஞ்சிய மூவரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். ஏழில் மூன்று என்ற இக்கணக்கு, கப்பல்வாழ்வின் இன்பங்களைக் கூறுவோர் மறக்கக்கூடாத கணக்கு. கரையிலே வாழ்ந்த குடும்பங்களிலும் அக்காலத்திலே குழந்தைகள் பலர் இறந்தனர் என்பது மெய்யே. ஆயின் கரையிலே குழந்தையைப் புதைத்த தாய்க்கு அழுது ஆறுவதற்குத் தாயும் தமக்கையும் அயலாரும் இருந்தனர். வேர்ஜினியாவுக்குக் கணவரன்றி வேறொருவரும் இலர்.

அக்குடும்பம் கப்பல் மாறி மாறிக் கடலோடியது. பிலிப்பைனின் சூபிக் விரிகுடாவிலே ஒரு நீராவிக் கப்பலின் உடலை ஸ்லோகம் கட்டிக் கொடுத்தார். அதற்கு ஊதியத்தின் பகுதியாகக் கிடைத்தது ‘பாத்தோ’ என்னும் சிறு கப்பல். அதிலே மனைவி மக்களோடு வடக்கே ஒக்கொட்ஸ்க் கடலுக்குச் சென்று, கொட் மீன் பிடித்து உப்பிட்டு அமெரிக்காவிலே விற்றார். அப்பால் ‘அமெதிஸ்ட்’ என்னும் கப்பல். அதன்பின் ‘நோதேர்ன் லைட்’. இது 233 அடி நீளமான பெருங் கப்பல்; ஸ்லோகம் தாம் நடத்தியவற்றுள் மிகச் சிறந்ததாகக் கருதியது இதனையே. அங்கேதான் குடும்பம் மிக வசதியாக வாழ்ந்தது. அங்கேதான் மாலுமியரின் கலகத்தையும் கண்டது. கலகக்காரர் கப்டனை எதிர்த்தபோது வேர்ஜினியா துப்பாக்கியேந்திக் கணவருக்குக் காவலாக நின்றார். காலையிலே பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்த கைதான் அதுவும்.

1884இலே குடும்பம் ‘அக்குயிட்னெக்’ என்னும் சிறிய கப்பலிலே தென் அமெரிக்காவை அடைந்தது. புவெனஸ் அயர்ஸ் துறையிலே கப்பல் நங்கூரமிட்டிருந்தபோது வேர்ஜினியா நோயுற்றார். சரக்குத் தேடிக் கரைக்குப் போன கணவரை அழைக்கக் கொடி ஏற்றப்பட்டது. அவர் விரைந்து திரும்பினார். அன்று, ஜூலை 25ஆம் திகதி, வேர்ஜினியா உயிர்நீத்தார். வயது முப்பத்தைந்தும் நிரம்பவில்லை. கடைசிப் பிள்ளைக்கு வயது மூன்று.

அன்றோடு அக்கப்பல் வீடாக இருத்தல் ஒழிந்தது. ஸ்லோகம் மாசசூசெற்ஸுக்கு மீண்டு, இளைய பிள்ளைகள் மூவரையும் தம் சகோதரிகளிடம் விட்டார். விக்டர் மாத்திரம் தந்தையோடு கடலோடினான். 1886இலே ஸ்லோகம் தம் உறவினளான ஹென்றியெட்டா என்னும் இருபத்துநான்கு வயதுப் பெண்ணை மணந்து, விக்டரையும் கார்பீல்டையும் உடன்கொண்டு மீண்டும் அக்குயிட்னெக்கிலே புறப்பட்டார். புது மனைவி கண்டது சூறாவளி. அதனை அடுத்து வாந்திபேதிக் காலத்துத் தடைகாப்பு. கப்பலிலே புகுந்த கொள்ளைக்காரருள் ஒருவரைக் கணவர் சுட்டுக் கொன்று வழக்குக்கு உள்ளாகி விடுதலை பெற்ற நிகழ்ச்சி. அம்மை நோயால் மாலுமியர் மூவரின் மரணம். 1887ஆம் ஆண்டின் முடிவிலே பிரேசிலின் தென்பாகத்துப் பரனாகுவா விரிகுடாவிலே மணல்மேட்டிலே ஏறிக் கப்பல் உடைந்தது. அதற்குக் காப்புறுதி இல்லை. உடைந்த கப்பலை விற்றுக் கிடைத்த பணம் மாலுமியரின் சம்பளத்துக்குப் போயிற்று. அன்னிய நாட்டின் கரையிலே கணவனும் மனைவியும் பிள்ளைகள் இருவரும் கைப்பொருள் ஏறக்குறைய இன்றி நின்றனர்.

அங்கே அவர்கள் செய்ததுதான் கடற்குடும்பங்களின் வரலாற்றிலே ஒப்பற்றது. ஊர் திரும்புவதற்கு ஒரு படகைத் தாமே கட்டினர். காட்டிலே வெட்டிய மரமும், உடைந்த கப்பலிலிருந்து எடுத்த இரும்பும் செம்பும், உள்ளூரார் சிலரின் உழைப்பும் அதற்கு மூலப்பொருள். நீளம் 35 அடி. அகலம் 7½ அடி. ஆழம் 3 அடி. பாய்கள் சீனத்துச் சம்பான் தோணிகளின் முறையிலே அமைந்தன. அவற்றைத் தைத்தவர் தையற் கலையிலே பழகிய ஹென்றியெட்டா. பக்கங்களிலே மூங்கிற் கழிகள் கட்டப்பட்டன, படகு சாய்ந்தாலும் மிதப்பதற்கு. 1888 மே 13ஆம் திகதி படகு நீரிலே இறங்கியது. பிரேசிலிலே அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டதும் அந்நாளிலேயே. ஆகையால் படகுக்கு ‘லிபெர்டாடே’ என்று பெயரிட்டனர். போர்த்துக்கேய மொழியிலே அச்சொல்லின் பொருள் சுதந்திரம்.

அப்படகின் துணைக் கப்டன் பதினாறு வயது விக்டர். பயணி ஏழு வயது கார்பீல்ட். ஜூன் மாதத்திலே புறப்பட்டதும் புயலிலே பாய்கள் கிழிந்தன; சந்தோஸ் துறையிலே ஒதுங்கிப் புதுப் பாய் தைத்தனர். அங்கிருந்து இரியோ வரை அஞ்சற் கப்பலொன்று கயிறு கட்டி இழுத்துச் சென்றது. பிறகு தனியே வடக்கு நோக்கினர். பிரேசிலின் கரையோரமாகப் பெர்னம்புக்கோ வரை சென்று, அப்பால் பார்படோஸ், புவேர்த்தோ ரிக்கோ வழியாக 5,510 மைல் கடந்து, கடலிலே ஐம்பத்தைந்து நாட்கள் கழித்து, அவ்வாண்டு அக்டோபரிலே தென் கரோலினா மாநிலத்தின் கரையை அடைந்தனர். உள்நாட்டு நீர்வழிகளாலே சென்று டிசம்பர் இறுதியிலே வொஷிங்டன் நகரம் சேர்ந்தனர். நால்வரும் நலமாயிருந்தனர்.

இதனை வீரச் செயல் என்று போற்றுவது எளிது. எனினும் அதன் மறுபக்கமும் உண்டு. ஏழு வயதுக் குழந்தையை அகலம் ஏழரை அடியான படகிலே ஏற்றிப் பெருங்கடல் கடப்பது விரும்பிச் செய்த விளையாட்டன்று. வழியற்றவன் கண்ட வழி. ஹென்றியெட்டாவின் தீர்ப்பும் அதுவே. கரை சேர்ந்த பின் அவர் கணவரோடு கடற்பயணம் போனதில்லை. பிற்காலத்திலே ஸ்லோகம் மீண்டும் அழைத்தபோது, தாம் ஏற்கெனவே ஒரு பயணம் கண்டாயிற்று என்ற பொருள்பட விடையளித்தார் என்பர். அச்சிறு விடையிலே கோழைத்தனம் இல்லை, அனுபவம் உண்டு. வேர்ஜினியா கடலை விரும்பி ஏற்றார். ஹென்றியெட்டா தாங்கிக் கடந்தார். இருவரும் துணிந்தவரே.

பிள்ளைகளிடத்தும் இவ்வேறுபாடு தெரிகின்றது. விக்டருக்குக் கடலே தொழிலாயிற்று. ஏனையோர் கரையிலே தம் வாழ்வை அமைத்துக்கொண்டனர். கப்பலிலே வளர்ந்த பிள்ளை யாவும் கடலோடியாக வேண்டும் என்ற நியதி இல்லை. ஆயினும் காற்றின் போக்கையும் வானத்தின் குறியையும் கண்டு முடிவு செய்தல், உள்ளதைக் கொண்டு இல்லாததைச் செய்தல், ஒருவர் சோர்ந்தால் மற்றவர் அவர் வேலையை ஏற்றல் என்னும் மூன்றும் அவர்கள் எந்தப் பள்ளியிலும் கற்றவை அல்ல. படகு கட்டிய அக்குடும்பத்திலே வயது முதிர்ந்தோர், இளையோர் என்று வேலை பிரிக்கப்படவில்லை. கைக்கு எட்டியதை ஒவ்வொருவரும் செய்தனர்.

ஸ்லோகத்தின் தனிப்பயணம் இதற்குப் பின்னரே நிகழ்ந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகி, பாய்க்கப்பற் கப்டன்மார் வேலையிழந்த காலம் அது. மாசசூசெற்ஸிலே வயலொன்றிலே உக்கிக் கிடந்த ‘ஸ்பிரே’ என்னும் பழைய படகை யாரோ அவருக்கு இனாமாகக் கொடுத்தனர். அதனைத் தம் கையாலேயே புதுப்பித்து, 1895 ஏப்ரில் 24ஆம் திகதி பொஸ்டனிலிருந்து தனியே புறப்பட்டார். ஸ்பிரேயின் நீளம் 36 அடி 9 அங்குலம். நால்வரைச் சுமந்த லிபெர்டாடேயைவிட ஏறக்குறைய இரண்டடியே கூடியது. 1896இன் தொடக்கத்திலே, வேர்ஜினியா இறந்த புவெனஸ் அயர்ஸுக்கு அப்படகு சென்றது. அவ்வாண்டின் பிற்பகுதியிலே, வேர்ஜினியாவை மணந்த சிட்னிக்கும் சென்றது. 1898 ஜூன் 27ஆம் திகதி 46,000 மைல் கடந்து மீண்டார். அவர் எழுதி 1900இலே வெளிவந்த பயண நூல் உலகப் புகழ் பெற்றது. பிற்காலத்திலே அதே படகிலே மீண்டும் கடலுக்குச் சென்றவர் திரும்பி வரவேயில்லை. 1924இலே அவர் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.

தனிப்பயணத்தின் வீரம் குடும்பப் பயணத்தின் பள்ளியிலே பயின்றது என்பது இவ்வரலாற்றினால் விளங்கும். சிறு படகு பெருங்கடலைத் தாங்கும் என்பதை ஸ்லோகம் கற்றது ஸ்பிரேயிலே அன்று; மனைவியும் பிள்ளைகளும் இருந்த லிபெர்டாடேயிலே. உடைந்ததைக் கொண்டு புதியதைக் கட்டலாம் என்பதைக் கற்றது, புதுமண மனைவியோடு அலாஸ்காக் கரையிலே. தன்னந்தனியாகச் சென்றவர் என்று உலகம் வியக்கும் மனிதர், தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கப்பலிலே ஒரு குடும்பத்தின் நடுவிலே கழித்தவர். அக்குடும்பம் கலைந்த பின்னரே அவர் தனியர் ஆனார்.

நீராவியும் கால அட்டவணையும் கப்பற் கம்பனிகளும் வந்த பின் கப்டனின் குடும்பம் கப்பலிலே வாழும் வழக்கம் மெல்ல மறைந்தது. ஆயின் 20ஆம் நூற்றாண்டிலே அது வேறுருவிலே மீண்டது. ஸ்லோகத்தின் நூலைப் படித்துக் கடல்மேல் ஆசை கொண்டோர், சிறு பாய்ப்படகுகளிலே மனைவி மக்களோடு ஆண்டுக்கணக்கிலே வாழத் தொடங்கினர். இந்து சமுத்திரத்தைக் கடக்கும் அத்தகைய படகுகள் காலித் துறைமுகத்துக்கும் திருகோணமலைக்கும் வருவதுண்டு. வானொலியும் செய்மதி வழிகாட்டியும் உயிர்காப்பு மிதவையும் அவர்களுக்கு உண்டு. பிரிக்ஸுக்கும் ஸ்லோகத்துக்கும் அவை இல்லை. ஆயினும் புறப்படுமுன் பெற்றோர் தம்மைக் கேட்டுக்கொள்ளும் வினா பழையதே. எந்தப் பிள்ளையை உடன்கொண்டு போவது, எந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு விடுவது என்று 1872இலே பிரிக்ஸ் தம்பதியர் எண்ணிய அதே வினா அது. கடலைத் தேர்ந்துகொள்பவர் பெரியோர். அதனை வாழ்ந்து பார்ப்பவர் பிள்ளைகள். அதனாலேதான் அப்பெரியோரின் பொறுப்பு, தனியே செல்பவரின் பொறுப்பிலும் பெரிதாகின்றது.

ஸ்லோகம் எழுதிய நூல்களிலே குடும்பத்தைப் பற்றிய செய்தி மிகச் சிறிதே. அவர் காற்றையும் கடலையும் படகையும் பற்றி எழுதினார். வேர்ஜினியா எவ்வாறு பாடம் சொன்னார், எவ்வாறு கப்பலை வீடாக்கினார் என்பனவெல்லாம் இன்று தெரியவருவது பிள்ளைகளின் வாயிலாகவே. மூத்த மகன் விக்டர் எழுதிய தந்தையின் வரலாறு 1950இலே வெளிவந்தது. இளையவர்களும் தம் முதுமையிலே, ஆராய வந்தோருக்குத் தம் நினைவுகளை எடுத்துரைத்தனர். எழுபது ஆண்டுகளுக்கு முன் கப்பலின் பின்னறையிலே தாயின் அருகிருந்து எழுத்துக் கற்ற பிள்ளைகள், அவ்வெழுத்தைக் கொண்டே அத்தாயின் பெயரை வரலாற்றிலே நிலைக்கச் செய்தனர்.